கூப்பிட்டால் பார்க்கலாம்

எல்லோரும் மாஸ்க் போட்டுக்கொண்டு திரிந்த நாட்களில்தான் எனக்குக் காது கேட்கவில்லை என்பது எனக்கே தெரிந்தது. அதுவரை காய்கறிக் கடைக்காரர் சொல்வதும் கண்டக்டர் கேட்பதும் ஒழுங்காகப் புரிந்துகொண்டிருந்தன. ஊரார் வாயை மூடியதும் ஒன்றும் புரியவில்லை. காதால் பாதி, கண்ணால் பாதி என்று எத்தனை வருஷமாக ஒப்பேற்றிக்கொண்டிருந்தேனோ தெரியாது. மாஸ்க் போனதும் காது திரும்பி வந்துவிடும் என்று ஒரு அசட்டு நம்பிக்கை இருந்தது. வரவில்லை.

மதுரைக்குப் போய்க் காட்டினேன். இடது காது முழுக்கப் போய்விட்டது, வலதில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது என்றார்கள். ஒரு மிஷின் கொடுத்தார்கள். அதை மாட்டினால் ஆட்டோ ஹாரனும் பக்கத்து வீட்டு மிக்சியும் மண்டைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டன. மனுஷப் பேச்சு மட்டும் பழையபடியே குழகுழவென்றுதான் இருந்தது. ஒரு மாதம் போராடிவிட்டு டப்பாவில் போட்டு பீரோவுக்குள் வைத்தேன்.

நான் தமிழாசிரியை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்கள் பள்ளியில் முப்பத்தொரு வருஷம். ராஜபாளையத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்தேன். மைக் இல்லாமல் மைதானத்தின் கடைசி வரிசை வரை என் குரல் போகும், அதில் எனக்குக் கர்வம் உண்டு. பாடம் ஒப்பிக்காத பிள்ளைகளுக்கென்று ஒரு வசனம் வைத்திருந்தேன்: “படிக்காட்டி மில்லுக்குத்தான் போவ.” அதைச் சொல்லாத வாரம் கிடையாது. நல்லதுக்குத்தானே சொல்கிறோம் என்று நினைப்பு. எத்தனை பேர் அப்படியே மில்லுக்குப் போனார்கள் என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை.

கணவர் இறந்து ஐந்து வருஷம் ஆகிறது. ஒரே மகன், பெங்களூரில் இருக்கிறான். அப்பா காரியம் முடிந்த கையோடு “வந்திரும்மா எங்ககூட” என்று கூப்பிட்டான். “என் வீட்டை விட்டு நான் எங்கேயும் வர மாட்டேன்” என்று சொல்லிவிட்டேன். அப்போது காது இருந்தது, பேசுவதற்கு ஆட்கள் இருந்தார்கள், ரோஷத்தைத் தாங்க முடிந்தது.

காது போன பிறகு வீடு வேறு வீடாகிவிட்டது. குக்கர் விசில் கேட்காமல் பருப்பு அடிப்பிடித்தது. வாசலில் ஆட்கள் நின்று தட்டிவிட்டுத் திரும்பிப் போனார்கள். நாலு பேர் இருக்கும் இடத்தில் உட்கார்ந்தால் எல்லோரும் சிரிக்கும்போது நானும் சிரித்து, எல்லோரும் உச்சுக்கொட்டும்போது நானும் உச்சுக்கொட்டி, எதற்கெடுத்தாலும் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்து அழுதிருக்கிறேன். “என்ன, என்ன” என்று மூன்றாம் தடவை கேட்கும்போது அவர்கள் முகத்தில் வரும் அந்தச் சலிப்பைப் பார்ப்பதற்குத் தலையாட்டிவிடுவது மேல். கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போவதையே விட்டேன்.

போன வருஷம் ஒருநாள் மகனுக்கு வாட்ஸப்பில் எழுதினேன்: நான் அங்கே வந்துவிடட்டுமா, வீட்டை விற்றுவிடலாமா என்று. நீல டிக் விழுந்தது. இரண்டு நாள் கழித்து, “இதெல்லாம் மெசேஜ்ல வேண்டாம்மா, பேசுவோம்” என்று பதில் வந்தது. பேசுவதுதானே என்னால் முடியாமல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் வருவான், வாய் அசையும், நான் தலையை ஆட்டுவேன், பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். அவன் அந்தப் பேச்சை எடுத்தானா எடுக்கவில்லையா என்பதே எனக்குத் தெரியாது. நான் எதற்குத் தலையாட்டினேன் என்றும் தெரியாது.

எங்கள் தெருவின் எதிர்ப்பக்கத்தில் ஒரு காம்பவுண்டு. எட்டு வீடுகள், ஒரு குழாய். அதில் மூன்று வீட்டுப் பெண்கள் நூல் மில்லுக்குப் போகிறவர்கள். காலை ஏழு மணிக்கு மில் பஸ் வந்து முனையில் நிற்கும். இருபது வருஷமாக அந்தத் தெருவில் இருக்கிறேன், காம்பவுண்டுக்குள் ஒருநாளும் கால் வைத்ததில்லை. ரேடியோ சத்தம் அதிகமாக இருக்கிறதென்று ஒருமுறை கேட்டுக்கு வெளியே நின்று சண்டை போட்டிருக்கிறேன், அவ்வளவுதான் பழக்கம். சத்தத்துக்குச் சண்டை போட்டவளுக்கு இப்போது நல்ல தண்டனை.

ஒரு காலையில் பால் பாக்கெட் எடுக்க வாசலுக்கு வந்தவள் ஒரு காட்சியைப் பார்த்தேன். மழைத் தூறலுக்காக பஸ்ஸில் கண்ணாடி எல்லாம் ஏற்றியிருந்தது. ஜன்னலோரத்தில் ஒருத்தி. எதிரே காம்பவுண்டு மாடிப்படியில், வாளியோடு இன்னொருத்தி, அன்று லீவு போட்டவள். இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். உதடு அசைகிறது, புருவம் ஏறுகிறது, விரல் இப்படியும் அப்படியும் போகிறது. ஒருத்தி கேட்கிறாள், இன்னொருத்தி மறுக்கிறாள், பிறகு இருவரும் சேர்ந்து குலுங்கிச் சிரிக்கிறார்கள். நடுவில் கண்ணாடி, மழை, ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின். காது நன்றாக உள்ளவருக்கும் அங்கே ஒரு எழுத்து கேட்டிருக்காது. எனக்குப் பொறாமையாக இருந்தது.

அந்த ஜன்னலோரத்துப் பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். சுந்தரபாண்டியத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள். அன்று சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கூப்பிட்டேன். மறுபடி ஏதோ புகார் என்று நினைத்து முகம் இறுகித்தான் வந்தாள்.

“காலைல கண்ணாடிக்குள்ள இருந்து பேசுனியே, அத எனக்குச் சொல்லித் தருவியா?” என்று கேட்டேன்.

அவள் புரியாமல் பார்த்தாள். பிறகு நான் வலது காதைச் சாய்ப்பதைப் பார்த்து, அந்தப் பக்கம் வந்து சத்தமாக, “அதெல்லாம் ஒரு படிப்பா டீச்சர்? மிஷின் ஓடுத எடத்துல தொண்டை கிழியக் கத்துனாலும் கேக்காது. அதனால வாயைப் பாத்துப் பேசிக்கிடுவோம். ஒடிசாப் பிள்ளைக நாலு பேர் இருக்காக, அவியளுக்குத் தமிழே தெரியாது, அவியகூடவும் பேசிக்கிடுதோம்” என்றாள்.

“எனக்குக் காது கேக்கல தாயி.” இந்த வாக்கியத்தை நான் வாயைத் திறந்து இன்னொருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. மகனிடம்கூட “கொஞ்சம் மந்தமா இருக்கு” என்றுதான் சொல்லி வைத்திருந்தேன்.

மறுநாளிலிருந்து வந்தாள். தலையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிவிட்டு, குளித்துவிட்டு, ஐந்தரை மணிக்கு. முதல் நாள் எதிரே உட்கார்ந்து பேசிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். சுற்றிலும் நிசப்தமாக இருந்தால் அவளுக்குச் சத்தமில்லாமல் பேச வரவில்லையாம், தானாகக் குரல் வந்துவிடுகிறதாம். சமையலறைக்குள் எட்டிப் பார்த்து, “கிரைண்டரைப் போடுங்க டீச்சர்” என்றாள். அதிலிருந்து அவள் வரும் நாளெல்லாம் அரிசி ஊறப் போட்டேன். கிரைண்டர் ஓட ஓட எங்கள் பாடம் நடந்தது. தனி ஆளுக்கு அவ்வளவு மாவு எதற்கு? பாதி எதிர் காம்பவுண்டுக்குப் போனது.

எழுத்து வாயில் எங்கே பிறக்கிறது என்று முப்பத்தொரு வருஷம் கரும்பலகையில் படம் போட்டவள் நான். அந்தத் திமிரில் அவள் வாயை உற்று உற்றுப் பார்த்தேன். உதடு ஒட்டினால் இது, பல் தெரிந்தால் அது என்று எழுத்துக் கூட்டினேன். ஒரு வார்த்தையைப் பிடிப்பதற்குள் அவள் மூன்று வாக்கியம் போய்விடுவாள்.

“எழுத்து எழுத்தாப் பிடிக்காதீக. ஆளைப் பாருங்க. தோளு, கண்ணு, கழுத்து எல்லாந்தான் பேசுது. பேச்சு எங்க போகுதுன்னு மொதல்ல பாருங்க, வார்த்தை பொறவு தானா வரும்,” என்றாள். ஒன்பதாவதோடு நின்றவள். எனக்குச் சுருக்கென்றது, ஆனால் அவள் சொன்னபடி செய்தபோது வந்தது.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ அவள் ஏதோ கேட்டாள். வழக்கம்போலத் தலையாட்டினேன். கிரைண்டரை நிறுத்திவிட்டு எழுந்து பக்கத்தில் வந்தாள்.

“ஒங்க கொண்டையில பல்லி இருக்கான்னு கேட்டேன். ஆமாங்கீக.”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. இடது கையை நீட்டினாள். ஆள்காட்டி விரல் நுனியில் நகம் இல்லை, சதை ஒரு பக்கமாக ஒடுங்கியிருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், மிஷினை ஓட விடட்டுமா என்று கூட நின்றவள் வாயசைத்துக் கேட்டாளாம். புரியவில்லை என்று காட்ட வெட்கப்பட்டு இவள் தலையாட்டிவிட்டாளாம், விரல் இன்னும் உள்ளேதான் இருந்ததாம்.

“புரியலைன்னா தலையாட்டக் கூடாது டீச்சர். பத்துத் தடவைன்னாலும் திரும்பக் கேக்கணும். எங்க எடத்துல அதுதான் மொத பாடம்.”

இரண்டு வருஷமாக ஊர் முழுக்கத் தலையாட்டி வைத்திருந்த நான் அந்த விரலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நாலைந்து மாதத்தில் ஓரளவு பிடிபட்டது. முழுக்க அல்ல. முகம் நேரே இருந்து, வெளிச்சம் இருந்து, ஆள் வெற்றிலை போடாமல் இருந்தால் பத்தில் ஏழு வந்தது. டி.வி. செய்தியைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்துப் பழகினேன். மகனோடு வீடியோவில் பேசும்போது அவன் சாப்பிட்டது, ஆபீஸ் போனது எல்லாம் புரிந்தது. அந்தப் பேச்சை மட்டும் அவன் எடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் தேறட்டும், நானே கேட்கலாம் என்று தள்ளிப்போட்டேன். உண்மையில் பயந்தேன்.

அந்த நேரத்தில்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில் என் கணவரின் தம்பி புதுவீடு பால் காய்ச்சினார். இரண்டு வருஷமாக ஒரு விசேஷத்துக்கும் போகாதவள், இதற்குக் கிளம்பினேன். கற்றதைச் சோதித்துப் பார்க்கும் ஆசைதான், வேறென்ன. கூடத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, கையில் பால்கோவா தட்டை வைத்துக்கொண்டு, அந்தக் கோடியில் பேசுகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒருவர் சிமெண்ட் விலையைச் சொல்கிறார். ஒருத்தி நகைக்கடையைப் பற்றிச் சொல்கிறாள். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. செவிடி என்று எல்லோரும் விட்டுவிட்ட நான் மட்டும் அந்த வீட்டில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம் என் ஓரகத்தியைப் பார்த்தேன், அதாவது அந்த வீட்டுக்காரி. ஜன்னல் பக்கம் நின்று யாரோ ஒருத்தியிடம் என்னைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். “மகன் கூட்டிக்கிட மாட்டான். மருமகளுக்கும் அவளுக்கும் ஒருநாள்கூட ஆகாது. இந்தக் காதோட அங்க போயி என்ன செய்யப் போறா?”

தட்டை வைத்துவிட்டு எழுந்தேன். “என் மகன் கூட்டிக்கிடுவானா மாட்டானான்னு நீ சொல்லாத” என்றேன். என் குரல் எவ்வளவு சத்தமாக வந்தது என்பது எனக்குத் தெரியாது. கூடமே திரும்பியதை வைத்துப் பார்த்தால் மைதானத்தின் கடைசி வரிசைக்கும் கேட்டிருக்கும். அவள் முகம் வெளிறிப் போயிற்று. “அக்கா, ஒங்களுக்கு எப்படி…” என்றாள். அதையும் படித்தேன்.

அதற்குப் பிறகு ஒரு கை மேலே போயிற்று, இன்னொரு கை போயிற்று. எனக்கு எதிரே இருந்தவர்கள் எல்லோரும் கையால் வாயை மறைத்துக்கொண்டு பேசினார்கள். சிலர் முதுகைத் திருப்பிக்கொண்டார்கள். முன்னாலாவது என்னைப் பாவம் என்று விட்டிருந்தார்கள். சாப்பிடாமல் பஸ் ஏறி வந்தேன்.

அன்று சாயங்காலம் மில்லிலிருந்து அவள் வந்ததும் நடந்ததைக் கொட்டினேன். என் பக்கம் பேசுவாள், நீங்கள் கேட்டது சரிதான் என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

“அவிய ஒங்களக் கூப்பிட்டாகளா?”

“எதுக்குக் கூப்பிடணும்? அவ என்னப் பத்தித்தான பேசுனா?”

அவள் கிரைண்டரை நிறுத்தினாள். என் முகத்துக்கு நேரே நின்று நிதானமாகச் சொன்னாள். “எங்க எடத்துல ஒருத்தி பேசுறது அந்தக் கோடி வரைக்கும் தெரியும் டீச்சர். மறைக்க எடம் கெடையாது. புருசன் அடிச்சது, பிள்ளைக்கு முடியாமப் போனது, எல்லாம் அங்க நின்னுதான் பேசுதோம். அதனால கைய ரெண்டு தடவ ஆட்டி ஒன்னக் கூப்பிட்டாத்தான் நீ பாக்கணும். கூப்பிடலையா, மொகத்தத் திருப்பிக்கிடணும். கூப்பிடாமப் பாக்குறது களவு.”

“இத நீ எனக்குச் சொல்லலையே?”

“இதையும் சொல்லணுமா? நீங்க டீச்சர்லா.”

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டிருக்கலாம். உண்மையிலேயே ஆச்சரியப்பட்டுச் சொன்னாள். மாவைக்கூட எடுத்துக்கொள்ளாமல் போனாள்.

அடுத்த நாள் வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை. காலையில் வாசலில் நின்றேன். பஸ்ஸில் என்னைக் கண்டதும் பேசிக்கொண்டிருந்த வாய்கள் நின்றன. ஸ்ரீவில்லிபுத்தூரில் மூடிய கைகளைவிட அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. அவர்கள் பேச்சைத் திருடக்கூடியவள் என்று அவர்களுக்குத் தோன்றிவிட்டது. தோன்றுவதில் தப்பும் இல்லை. ஊற வைத்த அரிசி புளித்துக் கிடந்தது. அப்படியே பத்து நாள் போயிற்று; மகனுடைய வீடியோவைத் தவிர நான் யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை. 

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெருவைக் கடந்து காம்பவுண்டுக்குள் போனேன். இருபது வருஷத்தில் முதல் தடவை. குழாயடியில் அவளும் இன்னும் இரண்டு பேரும் துணி அலசிக்கொண்டிருந்தார்கள். வாளியில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, அந்த இரைச்சலில் மில்லில் போலவே வாயசைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டார்கள். உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்க நல்ல தமிழில் நாலு வாக்கியம் தயார் பண்ணி வைத்திருந்தேன். அது ஒன்றையும் சொல்லவில்லை. தலையைக் குனிந்து என் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செத்த நேரம் என்று நினைத்தது ரொம்ப நேரமாயிற்று. கழுத்து வலித்தது. அவர்கள் என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று ஒவ்வொரு நிமிஷமும் தோன்றியது. நிமிரவில்லை.

பிறகு என் கண்ணோரத்தில் ஒரு கை ஈரத்தோடு இரண்டு தடவை ஆடியது. நிமிர்ந்தேன்.

“காப்பி குடிக்கீகளா டீச்சர்?” என்று வாயசைத்தாள்.

அதற்கப்புறம் இரண்டு வாரம் கழித்து, முந்தின நாளே அவளிடம் சொல்லிவிட்டு, மகனிடம் கேட்டேன். வீடியோவில்தான். “நான் அங்க வந்திரட்டுமா? நீ பேசுவோம்னு சொன்னே. இப்ப எனக்குப் புரியும், நேராப் பாத்துச் சொல்லு” என்றேன். அவன் கொஞ்சம் திகைத்தான். போனில் ஏதோ தட்டினான், மைக்கை அணைக்கும் அடையாளம் திரையில் வந்தது. எனக்கு அது எதற்கு என்று அவனுக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது. பிறகு பக்கவாட்டில் திரும்பிப் பேச ஆரம்பித்தான். அங்கே மருமகள் நிற்கிறாள் என்பது தெரிந்தது.

வெளிச்சம் நன்றாக இருந்தது. முகம் பாதிக்கு மேல் தெரிந்தது. வேண்டுமென்றால் எல்லாவற்றையும் படித்திருப்பேன். என் வாழ்க்கையில் மிச்சமிருப்பது எங்கே கழியும் என்று அந்த உதட்டில் இருந்தது. அவன் என் பிள்ளை, எனக்கு உரிமை இல்லையா என்று ஒரு மனம் சொன்னது. நான் குனிந்து என் கைகளைப் பார்த்தேன். விரல்களை எண்ணினேன், ரேகையைப் பார்த்தேன், மோதிரத்தைத் திருகினேன். அவ்வளவு நீளமான நேரத்தை நான் அறிந்ததில்லை.

திரையின் ஓரத்தில் ஒரு கை அசைந்தது. நான் உறைந்துவிட்டேனோ, சிக்னல் போயிற்றோ என்று பார்க்க எல்லோரும் ஆட்டுவார்களே, அந்த மாதிரிதான் ஆட்டியிருப்பான். நிமிர்ந்தேன். அவன் பேசினான். வேகமாகப் பேசினான், கண் அங்குமிங்கும் போனது. பாதிதான் புரிந்தது. பழைய ஆளாக இருந்தால் சிரித்துத் தலையாட்டியிருப்பேன், அவனும் தப்பித்திருப்பான், நானும் தப்பித்திருப்பேன்.

“புரியல. திரும்பச் சொல்லு,” என்றேன்.

அவன் தலையைக் கவிழ்த்து, பிறகு நிமிர்ந்து, என்னை நேராகப் பார்த்து ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான். “இப்ப வர வேண்டாம்மா. இங்க சரிப்பட்டு வராது. வீட்டை விக்காத.”

இரண்டு வருஷத்தில் அவன் சொன்னதில் ஒரு எழுத்து விடாமல் எனக்குப் புரிந்தது அதுதான்.

“புரிஞ்சுதாம்மா?”

தலையாட்டினேன். அது பொய் இல்லை.

மறுநாள் ஏழு மணிக்கு வாசலுக்கு வந்தேன். இரவு தூங்காத முகம் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும். பஸ் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, கண்ணாடி ஏற்றியிருந்தது. ஜன்னலோரத்தில் அவள். கையை இரண்டு தடவை ஆட்டினாள். “என்ன சொன்னாக?” என்று உதட்டால் கேட்டாள்.

நான் குரலை எடுக்கவில்லை. வாயை மட்டும் அசைத்து, “வர வேண்டாம்னுட்டான்” என்று சொன்னேன். அதற்கு மேல் உதடு நடுங்கிவிட்டது.

பஸ் முழுக்கப் பெண்கள் இருந்தார்கள். எல்லோருக்கும் என் முகம் தெரியும் இடத்தில்தான் நின்றிருந்தேன், எல்லோருக்கும் படிக்கத் தெரியும். அவளைத் தவிர ஒருத்திகூட என்னைப் பார்க்கவில்லை. அத்தனை பேரும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்கள்.